பல மரம் ஒரு தூண்

கூரையின் பாரத்தை உத்தரம் ஏற்கின்றது. உத்தரத்தின் பாரத்தைத் தூண் ஏற்கின்றது. தூணின் பாரத்தை நிலம் ஏற்கின்றது. இடையில் நிற்கும் தூண் தளருமாயின், மேலுள்ளவை யாவும் கீழே வீழும். இதுபற்றியன்றோ, தளராது நின்று குடும்பத்தைக் காப்பவனைக் ‘குடும்பத்தின் தூண்’ என்று உலகத்தார் வழங்குகின்றனர்!

தூண் கல்லாலும் ஆகும், செங்கல்லாலும் ஆகும், மரத்தாலும் ஆகும். மரத்தூண்களுள் பருத்து உருண்டு நெடிதோங்கி நிற்பவை காண்பார் கண்ணையும் கருத்தையும் ஒருங்கே கவர்வன. அத்தகைய தூணின் அருகே நின்று அண்ணாந்து நோக்குவார்க்கு, ‘இதனைத் தந்த மரம் எத்துணைப் பெரிதாக இருந்திருத்தல் வேண்டும்!’ என்ற வியப்பே முதற்கண் எழும். ஆனால், அத்துணைப் பெரிய மரமே நாட்டில் இல்லையாயின் என் செய்வது? மரம் இல்லை, ஆதலால் தூண் இல்லை. தூண் இல்லை, ஆதலால் கோயிலும் இல்லை என்று கைகட்டி வாளா இருப்பதா? இவ்வினாவிற்கு ஜப்பான் நாட்டுத் தச்சர்கள் 300 ஆண்டுகளுக்கு முன்னர்த் தம் செயலால் விடை கூறினர். அவ்விடை, நாரா நகரத்தில் தோதாய்ஜி என்னும் பௌத்தக் கோயிலில் இன்றும் தூண்களாக நிற்கின்றது.

நாரா நகரம் எட்டாம் நூற்றாண்டில் ஜப்பானின் தலைநகராய் விளங்கியது. அந்நாளில் ஷோமு என்னும் பேரரசர் ஆண்டுவந்தார். கொடிய அம்மை நோய் பரவி மக்கள் பெருந்தொகையினராய் மாண்ட காலம் அது. நாட்டின் துயர் நீங்குதல் வேண்டும் எனக் கருதிய அரசர், வெண்கலத்தால் மாபெரும் புத்தர் திருவுருவம் ஒன்று வார்க்குமாறு 743-ஆம் ஆண்டில் ஆணையிட்டார். ஒரு புல்லையோ ஒரு பிடி மண்ணையோ கொணர்ந்து இப்பணியில் பங்குகொள்ள விரும்புவார் எவராயினும், அவரைத் தடுத்தலாகாது என்றும் அவ்வாணையில் அவர் குறித்திருந்தார். வார்ப்புவேலை பல்லாண்டு நடைபெற்றது. 752-ஆம் ஆண்டில் திருவுருவத்திற்குக் கண் திறக்கும் விழா நிகழ்ந்தது. அவ்விழாவில் தூரிகையைக் கையில் ஏந்திக் கண் திறந்தவர் போதிசேனர் என்னும் இந்தியத் துறவி ஆவார். அவர் தென்னிந்தியாவிலிருந்து சென்றவர் என்று ஜப்பானியர் தம் நூல்களில் எழுதி வைத்துள்ளனர்.

அத்திருவுருவம் ஏறத்தாழ 15 மீட்டர் உயரம் உடையது. அதனைக் காக்க எழுந்த மண்டபம் அதனினும் வியப்புக்குரியது. இரு தூண்களுக்கு இடைப்பட்ட வெளியை அங்கணம் என்பர். முதன்முதல் எழுந்த அம்மண்டபம் முகப்பில் 11 அங்கணங்கள் உடையதாய், ஏறத்தாழ 86 மீட்டர் அகன்று நின்றது. அதனைத் தாங்கிய பெருந்தூண்கள் 84. அத்தனையும் உருண்டைத் தூண்கள்.

மலையில் நிற்கும் மரம் மண்டபத்தில் தூணாகும் முறையை ஈண்டு அறிந்துகொள்ளுதல் நலம். ஜப்பானியத் தச்சர் தூணுக்குச் சிறந்ததெனக் கொண்டது ஹினோக்கி என்னும் மரம். அஃது செதில் போன்ற சிற்றிலைகளை உடைய குளிர்நாட்டு மரவகையைச் சார்ந்தது. நெடிது வளைவின்றி வளரும், நறுமணம் உடையது, எளிதில் செல்லரிப்பதில்லை. ஆயினும், மெல்ல மெல்லவே பருக்கும். பெருந்தூணுக்கு ஏற்ற பருமன் அடைவதற்குப் பல நூறு ஆண்டுகள் ஆகும்.

வெட்டிய மரத்தை உடனே தூணாக்குதல் அறிவுடைமை ஆகாது. ஈரம் உள்ள மரம் உலர உலரச் சுருங்கும். நெடுக்கில் அது சுருங்குவது மிகச் சிறிதே. குறுக்கிலோ, நடுவிலிருந்து புறம் நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இருமடங்கு, வளையங்களின் வழியே சுற்றிச் சுருங்கும். மேலும், புறம் முன்னே உலரும். அகம் பின்னே உலரும். இவ்விரண்டு காரணங்களாலும் நடுமையத்தோடு கூடிய உருண்டை மரம் புறத்தே பிளந்து வாய்விடும். மரம் பருமனாக ஆக இவ்விடுக்கண் மிகும்.

பண்டைத் தச்சர் இதற்கு ஓர் உபாயம் கண்டிருந்தனர். தமக்கு வேண்டிய தூணைப்போலப் பன்மடங்கு பருமனுள்ள மரத்தைத் தேர்வர். அதனை நெடுக்கே நான்காகப் பிளப்பர். நடுமையம் நீங்கிய அக்கால்மரம் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தூணைக் கடைந்தெடுப்பர். இத்தகைய தூண் எளிதில் வெடிப்பதில்லை. நாராவிற்கு அண்மையிலுள்ள ஹோரியூஜிக் கோயிலின் தூண்கள் இம்முறையால் ஆனவை. உலகில் இன்றுள்ள மரக்கட்டடங்களுள் மிகப் பழையன அக்கோயிலில் உள்ளன. அவை நின்று 1300 ஆண்டுகள் ஆகின்றன. ஆனால், ஒரு மரத்தை நான்காக்கி ஒவ்வொன்றிலும் பெருந்தூண் எடுப்பதற்கு, அம்மரம் எத்துணைப் பருமன் உடையதாதல் வேண்டும்! காடுகளில் அத்தகைய மரங்கள் நிறைந்திருந்த காலத்துக்கே அம்முறை பொருந்தும்.

இனி, மரத்தை உருட்டும் முறை கூறுவாம். முதலில் மரத்தின் இருமுனைகளிலும் மையம் குறித்து, வேண்டிய அளவில் வட்டம் வரைவர். அவ்வட்டத்தைத் தொட்டு நிற்குமாறு நாற்புறமும் தட்டையாகச் செதுக்குவர். மை தோய்த்த நூலை இரு முனைகளுக்கும் இழுத்துக் கட்டி, நடுவில் தூக்கி விடுவர். மரத்தின் மேல் நேர்க்கோடு பதியும். அக்கோட்டின் வழியே மூலைகளைக் களைந்தால் நாற்பட்டை எண்பட்டையாகும். எண்பட்டை சமமாக அமைவதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. சதுரத்தின் ஒரு பக்கத்தை 24 கூறாக்கி, 7, 10, 7 எனப் பகுத்து இரு புள்ளிகள் இடுதல் வேண்டும். அப்புள்ளிகளைத் தொட்டு மூலைகளை நீக்கினால், எட்டுப் பட்டைகளும் பெரும்பாலும் ஒத்த அகலம் உடையனவாகும். பின்னர் எண்பட்டையின் விளிம்புகளைக் களைந்து பதினாறு பட்டையும், அதன் விளிம்புகளைக் களைந்து முப்பத்திரண்டு பட்டையும் ஆக்குவர். அதன்மேல் விளிம்புகள் கண்ணுக்குத் தோன்றா, கைக்கே தோன்றும். வாய்ச்சியால் செதுக்கி, ஈட்டி முனைபோன்ற இழைப்புக் கருவியால் மழித்தெடுக்க, மரம் முழு உருண்டையாகும். நேர்க்கோட்டை விட்டு ஒருகாலும் விலகாமல், சிறிது சிறிதாக வட்டத்தை அணுகும் இம்முறையில், பொறுமையே முதற்கருவி என்பது விளங்கும்.

இவ்வாறு முடிந்த தூணை மண்ணில் புதைப்பதில்லை. மண்ணில் புதைந்த மரம், ஈரமும் காற்றும் மாறி மாறித் தாக்குவதால், தரைமட்டத்திலேயே முதலில் உளுத்துப்போகும். ஆதலின், உறுதியான பீடக்கல்லை அமைத்து, அதன் மேல் தூணை நிறுத்துவர். தூணின் நுனியில் போதிகைக் கட்டைகளை அடுக்கி, அவற்றின்மேல் உத்தரம் ஏற்றுவர்.

நிற்க. தோதாய்ஜி மண்டபம் நான்கு நூற்றாண்டுகள் இடையூறின்றி நிலவியது. பின்னர் ஜப்பானில் இரு பெருங்குடியினர் அதிகாரத்தின் பொருட்டுப் போரிட்டனர். தைரா குடியினரின் படை நாராவில் புகுந்து தீயிட்டது. ஜப்பானியக் கணக்கின்படி 1180-ஆம் ஆண்டின் இறுதியில் மண்டபம் எரிந்து சாம்பலாயிற்று. திருவுருவமும் சிதைந்தது.

அதனை மீண்டும் எழுப்பும் பொறுப்பு சோகென் என்னும் துறவியிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவர் அப்போது அறுபது வயது எய்தியவர். ஓய்வுகொள்ளும் வயதில் அவர் ஊர்தோறும் சென்று பொருள் திரட்டினார். 1185-ஆம் ஆண்டில் திருவுருவம் செப்பமுற்றது. அதன்பின் மண்டபத்துக்கு மரம் தேடும் வேலை தொடங்கியது. நாராவைச் சுற்றியிருந்த மலைகளில் பெருமரங்கள் முன்னரே அருகிவிட்டன. ஆதலின், தலைநகருக்கு மேற்கே நெடுந்தொலைவிலிருந்த சுவோ என்னும் நாட்டின் வருவாய் 1186-இல் இத்திருப்பணிக்கென ஒதுக்கப்பட்டது. சோகென் தாமே அந்நாட்டு மலைகளில் ஏறி இறங்கி மரம் தேடினார். போரால் நலிந்து பசித்திருந்த அந்நாட்டு மக்களுக்கு உணவும் அளித்தார். நல்ல மரம் கண்டு கூறுவார்க்கு நெல்லரிசி பரிசாக வழங்கப்பெறும் என்றும் அறிவித்தார்.

மரம் கிடைத்தது, ஆயின் அதனை நாராவுக்குக் கொண்டுசேர்ப்பது எங்ஙனம்? மலைச்சரிவிலிருந்து உருளைப்பொறிகளும் பெருங்கயிறுகளும் கொண்டு மரங்களை இறக்கினர். அருகில் ஓடிய சாபா ஆறோ ஆழமற்றது. பெருமரங்கள் மிதக்கப் போதிய நீர் அதில் இல்லை. ஆற்றின் குறுக்கே இடந்தோறும் அணையிட்டு நீரைத் தேக்கினர். தேக்கிய நீரில் மரத்தை மிதக்கவிட்டு, அணையைத் திறந்து அடுத்த தேக்கத்துக்குச் செலுத்தினர். இங்ஙனம் அமைத்த அணைகள் நூற்றுக்கு மேற்பட்டவை. கடலை அடைந்த மரங்கள் தெப்பமாகிக் கிழக்கு நோக்கிச் சென்றன. ஆறுகளின் வழியே உள்நாடு புகுந்தன. ஈற்றில் எருதுகள் பூட்டிய வண்டிகளில் ஏறி நாராவை அடைந்தன. 1195-ஆம் ஆண்டில் மண்டபத்துக்குக் குடமுழுக்கு ஒத்த பெருவிழா நிகழ்ந்தது. ஜப்பானின் படைத்தலைவராய் விளங்கிய யோரிதோமோ அதில் கலந்துகொண்டார்.

சோகென் கட்டிய அம்மண்டபம் இன்று இல்லை. ஆயின், 1199-இல் அவர் எழுப்பிய தெற்குப் பெருவாயில் இன்றும் நிற்கின்றது. அதன் தூண்கள் 18. ஒவ்வொன்றும் அடியிலிருந்து கூரை வரை இடையில் ஒட்டின்றி ஒரே மரமாக, ஏறத்தாழ 20 மீட்டர் உயர்ந்து நிற்பது. 800 ஆண்டுகளுக்கு மேலாகக் காற்றுக்கும் நிலநடுக்கத்துக்கும் அவை அசைந்திலை. சுவோ மலைகளில் சோகென் கண்ட காடுகள் எத்தன்மையவாய் இருந்தன என்பதற்கு அத்தூண்களே சான்றாகும்.

1567-ஆம் ஆண்டில் மீண்டும் போர் மூண்டது. கோயில் எல்லைக்குள்ளேயே படைகள் பொருதன. சோகெனின் மண்டபம் எரிந்தது. வெண்கலத் திருவுருவத்தின் தலையும் உருகி வீழ்ந்தது. நாட்டில் குழப்பம் மிக்கிருந்தமையால், முறையாகப் புதுப்பிக்கப் பொருளுதவி கிடைத்திலது. மரச்சட்டத்தின்மேல் செப்புத் தகடு போர்த்துத் தலைபோல ஒன்றை அமைத்து வைத்தனர். தற்காலிகமாகக் கட்டிய கொட்டகையும் 1610-ஆம் ஆண்டின் பெருங்காற்றில் சாய்ந்தது. அதன்பின் கூரையே இல்லை. தலைமுறைகள் கடந்தன, வெயிலிலும் மழையிலும் பனியிலும் அத்திருவுருவம் வெட்டவெளியில் வீற்றிருந்தது.

1660-ஆம் ஆண்டில் கோகெய் என்னும் சிறுவன் துறவு பூண்டு அக்கோயிலை அடைந்தான். அவன் 1648-இல் பிறந்தவன். மழையில் நனைந்துகொண்டிருந்த திருவுருவத்தைக் கண்டு அவன் உள்ளம் உருகியது. ‘எனக்குக் குடை உண்டு, இப்பெருமானுக்கு ஒரு கூரை இல்லையே!’ என்று அவன் எண்ணி ஏங்கியதாகக் கூறுவர். அவ்வேக்கம் அவனை விட்டு அகலவில்லை. நாட்டைக் காண்பார் பலர். நாட்டின் குறையைக் காண்பார் சிலர். அக்குறையைத் தீர்ப்பது தம் கடன் என எண்ணுவார் மிகச் சிலரே. சிறுவன் கோகெய் வளர்ந்து அம்மிகச் சிலருள் ஒருவரானார்.

1684-ஆம் ஆண்டில், நிதி திரட்டுவதற்கு அரசின் இசைவை அவர் பெற்றார். அரசு இசைவைத்தான் தந்தது, பொருளைத் தந்திலது. கோகெய் நாடெங்கும் நடந்தார். ஒரு தாள் ஆயினும் அரைக்காசு ஆயினும் உவந்து அளிக்குமாறு மக்களை வேண்டினார். பெருஞ்செல்வரிடம் பெரும்பொருள் கேட்பதினும், எளியவர் பலரிடம் சிறுபொருள் கேட்பதையே அவர் மேற்கொண்டார். மண்டபம் முடியும் வரையில் படுக்கையில் சாய்ந்து உறங்குவதில்லை என்று அவர் நோன்பு பூண்டிருந்தார் என்ப. சிறுதுளி பெருவெள்ளமாயிற்று. திருவுருவம் பழுது நீங்கப்பெற்று, 1692-ஆம் ஆண்டில் கண் திறப்பு விழாவும் நிறைவேறியது. அதன்பின் ஆட்சித்தலைவராய் இருந்த சுனயோஷியும் அவர்தம் அன்னையாரும் மண்டபப் பணிக்குத் துணைநின்றனர்.

பொருள் ஒருவாறு கிடைத்தது; மரமோ கிடைத்திலது. சோகெனின் காலத்துக்குப்பின் 500 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவ்விடைக்காலத்தில், சிறப்பாகப் பதினாறு பதினேழாம் நூற்றாண்டுகளில், நாடெங்கும் கோட்டைகளும் நகரங்களும் எழுந்தன. 1657-இல் எதோ நகரம் எரிந்தபோது, அதனை மீண்டும் கட்டுவதற்கும் காடுகளே மரம் தந்தன. இங்ஙனம் வெட்டுவார் பலராய் நடுவார் சிலராய் இருந்தமையின், ஒரே மரத்தில் பெருந்தூண் எடுத்தற்குரிய முதுமரங்கள் அருகிப்போயின. மலைகளில் நடுத்தர மரங்களே இருந்தன.

இந்நிலையில் தச்சர்கள் புதிய முறையொன்றைக் கையாண்டனர். ஒரு மரத்தால் ஆகாத தூணைப் பல மரங்களால் ஆக்கத் துணிந்தனர். முதலில், கிடைத்தவற்றுள் நல்லதொரு மரத்தை நடுவே நிறுத்தினர். அதுவே தூணின் கரு. அக்கருமரத்தைச் சூழ, நீண்ட மரத்துண்டுகளை நெடுக்கே அடுக்கினர். உட்புறம் கருமரத்தோடு பொருந்துமாறும், பக்கங்கள் ஒன்றோடொன்று இடைவெளியின்றி இணையுமாறும், புறம் வட்டத்தின் ஒரு பகுதியாய் வளையுமாறும் அத்துண்டுகளைச் செதுக்கினர். அவற்றை இரும்பாணிகளால் பிணித்து, சுற்றிலும் இரும்புப் பட்டைகளை வளைத்து இறுக்கினர். பீப்பாய் செய்வோர் பலகைகளை வட்டமாக நிறுத்திப் பட்டையிட்டு இறுக்குவதைப் போன்றது இது. வேறுபாடு யாதெனின், பீப்பாயின் உள்ளிடம் வெற்றிடம். இத்தூணின் உள்ளிடம் கருமரம் நிறைந்தது.

இஃது ஒட்டுவேலை ஆயிற்றே, உறுதி உண்டோ என்னும் ஐயம் எழலாம். மரத்தின் நார்கள் நெடுக்கே ஓடுவன. அந்நார்களின் வழியே வரும் அழுத்தத்தைத் தாங்குவதில் மரம் மிக்க வலிமை உடையது. தூணின்மேல் வரும் பாரம் நேர்கீழ்நோக்கி அழுத்துவது. அருகருகே நிற்கும் துண்டுகள் ஒவ்வொன்றும் அப்பாரத்தில் தன் பங்கை ஏற்கும். தனித்து நிற்கும் மெல்லிய மரமோ, மேலே பாரம் ஏறின் இடையில் வளைந்து ஒடியும். பலவற்றைச் சேர்த்துக் கட்டி ஒன்றாக்கிவிட்டால், ஒன்று வளைய முற்படும்போது மற்றவை அதனைத் தடுத்து நிறுத்தும். அதற்காகவே பட்டைகள் இறுக்கமாக இருத்தல் வேண்டும். மற்றொரு நன்மையும் உண்டு. பெருமரம் அகம் உலர்வதற்குப் பல்லாண்டுகள் ஆகும். சிறுதுண்டுகளோ விரைவில் உலரும். ஆதலின், ஒற்றைப் பெருமரம்போலப் புறத்தே பெரிதாக வெடித்து வாய்விடும் இடுக்கண் கூட்டுத்தூணுக்குக் குறைவு.

தூணுக்கு இம்முறை பயன்பட்டது, உத்தரத்துக்குப் பயன்படவில்லை. காரணம் வெளிப்படை. தூண் அழுத்தத்தைத் தாங்குவது. உத்தரம் வளைவைத் தாங்குவது. இரு முனைகளிலும் தாங்கப்பெற்று இடையில் பாரம் ஏற்கும் உத்தரத்தின் மேற்பகுதி அழுந்தும், கீழ்ப்பகுதி இழுபடும். நெடுமையில் துண்டுகளை இணைத்தால் இழுபடும் இடத்தில் இணைப்பு விட்டுப்போகும். அந்நாளில், அத்துணை நீண்ட உத்தரத்துக்கு ஒற்றை மரத்தையன்றி வேறெதனையும் நம்புதற்கில்லை. திருவுருவத்தின் தலைக்குமேல் தூணே நிற்க இயலாத பெருவெளி இருந்தது. அதனைக் கடந்து கூரையைத் தாங்குவதற்கு, 20 மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள இரண்டு உத்தரங்கள் வேண்டியிருந்தன.

அவற்றுக்குரிய மரங்களை நாடெங்கும் தேடினர். ஈற்றில், தென்கோடியிலுள்ள கியூஷூ தீவில், கிரிஷிமா மலைப்பகுதியில், இரண்டு செந்தேவதாரு மரங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 23 மீட்டர் நீளம் தந்தது. 1704-ஆம் ஆண்டில் அவற்றை வெட்டி, மனிதரும் எருதுகளும் திரண்டு இழுத்துக் கடற்கரை சேர்த்தனர். பின்னர் அவை கப்பலில் ஒசாகாவை அடைந்து, ஆற்றின் வழியே நாராவுக்கு வந்துசேர்ந்தன. பல மரங்களைக் கூட்டித் தூண் செய்தோர், இரண்டே இரண்டு மரங்களுக்காக நாட்டின் எல்லை வரை சென்றனர். எங்கே கூட்டல் இயலும், எங்கே இயலாது என்பதைத் தெளிய உணர்ந்தமையே அத்தச்சரின் பேரறிவு.

மற்றொன்றிலும் அவர்தம் அறிவு வெளிப்பட்டது. முன்னைய மண்டபத்தை அவ்வாறே கட்டுதற்கு மரமும் போதாது, பொருளும் போதாது. ஆதலின், ஆழத்தையும் உயரத்தையும் பெரிதும் குறைக்காமல், முகப்பின் அகலத்தை மட்டும் 11 அங்கணத்திலிருந்து 7 அங்கணமாகச் சுருக்கினர். 86 மீட்டர் அகலம் 57 மீட்டராயிற்று. 84 தூண்கள் நின்ற இடத்தில் 60 தூண்கள் நின்றன. பெரியது கிடைக்கவில்லையென்று பணியைக் கைவிடாமல், கிடைத்ததற்கேற்ப அளவை வகுத்துப் பணியை முடித்தனர்.

1705-ஆம் ஆண்டின் வேனிற்காலத் தொடக்கத்தில் முகட்டு உத்தரம் ஏறியது. அதற்குரிய விழாவைக் கோகெய் தம் கண்ணாரக் கண்டார். அவ்வாண்டிலேயே எதோ நகரத்தில் அவர் நோயுற்று உயிர்நீத்தார். மண்டபம் முற்றும் நிறைவேறிய நாளைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவர்தம் மாணவர் எஞ்சிய வேலையை முடிக்க, 1709-ஆம் ஆண்டில் மண்டபம் திறக்கப்பெற்றது. சிறுவன் ஒருவன் உள்ளத்தில் எழுந்த ஏக்கம், அரை நூற்றாண்டில் 48 மீட்டர் உயரமுள்ள மண்டபமாயிற்று.

அம்மண்டபத்தை இன்றும் காணலாம். உள்ளே நுழைவார், திருவுருவத்தை வணங்கியபின் தூண்களை அணுகிப் பார்ப்பாராயின், அவற்றைச் சுற்றியுள்ள இரும்புப் பட்டைகளைக் காண்பர். தூண் ஒன்றின் அடியில் ஒரு துளை உண்டு. அது திருவுருவத்தின் மூக்குத்துளையின் அளவினது என்பர். அதனுள் நுழைந்து மறுபுறம் வருவார்க்கு நன்மை உண்டாகும் என்னும் நம்பிக்கையால், சிறுவர் சிறுமியர் வரிசையில் நின்று ஊர்ந்து புறப்படுவர். துளையிட்ட பின்னும் தூண் தளராது நிற்கின்றது. மண்டபக் கூரையோ மிக்க கனமுடையது. காலப்போக்கில் அது தாழத் தொடங்கியது. 1913-இல் முடிந்த பெரும்பழுதுபார்ப்பின்போது, மேலே எஃகுச் சட்டங்களைப் பொருத்தி வலிமை கூட்டினர். ஆயினும், அடியில் நின்று தாங்குவன அன்று கூட்டிய மரத்தூண்களே.

கூட்டுத்தூண் மனிதனின் திறமைக்குச் சான்று. அதனோடு, காட்டை அழித்தவன் அடைந்த குறைவுக்கும் சான்று. இவ்விரண்டாவது செய்தியையும் மறத்தலாகாது. இருபதாம் நூற்றாண்டில் நாராவிலுள்ள யாக்குஷிஜிக் கோயிலின் பொன்மண்டபத்தைப் புதுப்பித்தபோது, அதற்குரிய பெருமரங்கள் ஜப்பானில் கிடைக்கவில்லை. 1976-இல் முடிந்த அம்மண்டபத்துக்குத் தைவான் தீவின் மலைகளிலிருந்து முதுமரங்களை வருவித்தனர். 2018-இல் கோஃபுகுஜிக் கோயிலின் நடுமண்டபம் எழுந்தபோது, ஆப்பிரிக்காவிலுள்ள காமரூன் நாட்டிலிருந்து தூண்மரங்கள் வந்தன. தன் காட்டில் இல்லாததைப் பிறர் காட்டில் தேடுதல் எத்தனை நாளைக்கு நடைபெறும்?

இதனை உணர்ந்தோர் அந்நாட்டிலேயே உளர். கிசோ மலைக்காடுகளை ஆண்ட தலைவர்கள், ஹினோக்கி முதலிய 5 வகை மரங்களை மக்கள் வெட்டலாகாது எனக் கடுந்தடை விதித்துக் காத்தனர். ஈசே என்னும் ஊரிலுள்ள தொன்மையான திருக்கோயிலை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய மரத்தால் மீண்டும் கட்டுவது மரபு. அதற்குரிய மரங்களைத் தம் காட்டிலேயே வளர்த்தல் வேண்டும் எனக் கருதிய அக்கோயிலார், 1923-ஆம் ஆண்டில் 200 ஆண்டுத் திட்டம் ஒன்று வகுத்து ஹினோக்கிக் கன்றுகளை நட்டு வளர்த்து வருகின்றனர். அன்று கன்று நட்டவருள் எவரும் அம்மரம் தூணாவதைக் காணப் போவதில்லை. அவர்தம் பேரருங்கூடக் காண்பது அரிது. ஆயினும் நட்டனர். கோகெய் தாம் காணாத மண்டபத்துக்காக நடந்தார். இவர்கள் தாம் காணாத தூண்களுக்காக நடுகின்றனர்.

‘பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. இதுவோ அதுவோ என்று மனம் அலைபவனுக்கு ஒரு செயலும் முடியாது என்பது அதன் கருத்து. நாராவின் தச்சர் பல மரம் கண்டனர். அவற்றுள் ஒன்றும் போதாது என்பதையும் கண்டனர். ஆயினும் மனம் அலைந்திலர். போதாத பலவற்றை ஒன்றாக்கிப் போதுமானது ஆக்கினர். ஒரு தாளும் அரைக்காசுமாகச் சேர்ந்த பொருளால், சிறுமரங்கள் சேர்ந்த தூணின்மேல், அக்கூரை நிற்கின்றது. தனித்து நின்றால் விறகாகத்தக்க துண்டும், தன் இடத்தில் நின்று தன் பங்கை ஏற்குமாயின், பெருமண்டபத்தைத் தாங்கும்.

பயிற்சி

1. உருண்டை மரம் உலரும்போது வெடிப்பதற்குரிய காரணங்கள் யாவை? பண்டைத் தச்சர் அதற்குக் கண்ட உபாயம் யாது?
2. நாற்பட்டை மரத்தை உருண்டைத் தூணாக்கும் முறையை வரிசைப்படுத்தி எழுதுக.
3. சோகென் மரங்களை நாராவுக்குக் கொண்டுசேர்த்த வரலாற்றைச் சுருக்கி எழுதுக.
4. கூட்டுத்தூண் எவ்வாறு அமைக்கப்பட்டது? தூணுக்குப் பயன்பட்ட முறை உத்தரத்துக்குப் பயன்படாமை ஏன்?
5. ‘கூட்டுத்தூண் மனிதனின் திறமைக்குச் சான்று, காட்டை அழித்தவன் அடைந்த குறைவுக்கும் சான்று’ — இக்கூற்றை விளக்குக.
6. பிரித்தெழுதுக: பெருந்தூண், கூட்டுத்தூண், கண்ணார, எண்பட்டை.
7. ‘நான் காணாத நிழலுக்கு நான் நடும் மரம்’ என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.